எண்ணூரில் இருபத்தொரு டிகிரி

மேடவாக்கத்திலிருந்து எண்ணூர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இரண்டும் சென்னைதான். இந்த வலைப்பூவில் ஸ்பிதியைப் பற்றி எழுதியிருக்கிறேன், மேகாலயாவைப் பற்றி எழுதியிருக்கிறேன், எல்லாம் தனியாகப் போய் வந்த கதைகள். பதினோரு வருடமாகத் தன் தொழிற்சாலைகளால் எனக்குச் சோறு போடும் வடசென்னைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை என்பதை மட்டும் எங்கும் எழுதவில்லை. போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். ஆசைப்பட்டு இல்லை, அலுவலகம் அனுப்பியது.

என் வேலையைச் சொன்னால்தான் இந்தப் பயணம் புரியும். தொழிற்சாலைக் குழாய்களின் நெகிழ்வைக் கணக்கிடுபவள் நான். இரும்புக் குழாய் சூடானால் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். நகர விடாமல் கட்டிப்போட்டால் எதையாவது உடைக்கும். பம்பின் வாயை உடைக்கும், தாங்கும் பீமை வளைக்கும், சில நேரம் தானே கிழியும். எங்கே விடுவது, எங்கே பிடிப்பது, எத்தனை மில்லிமீட்டர் விடுவது என்று கணினியில் கணக்குப் போட்டு எழுதிக்கொடுப்பது என் பொறுப்பு. ஸ்ட்ரெஸ் எஞ்சினியர் என்பார்கள். கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால், "எல்லாருக்கும்தாம்மா ஸ்ட்ரெஸ்" என்று யாராவது ஒரு சித்தப்பா சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன்.

நான்கு வருடமாக வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்கில் "ஸ்ட்ரெஸ் டீம் என்ன சொல்றாங்க?" என்று கேட்பார்கள். டீம் என்றால் நான் ஒருத்திதான். அம்மா போன பிறகு, சில நாட்களில் என்னிடம் பேசுகிற ஒரே குரல் எங்கள் அடுக்ககத்து லிஃப்டுடையது. மூன்றாவது மாடி வந்துவிட்டது என்று சொல்லும். இதைச் சொல்லிப் பரிதாபம் தேடவில்லை. ஒரு நாள் முழுக்க வெளியே போகக் கிடைத்தபோது ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

விவகாரம் இதுதான். எண்ணூர்ப் பக்கம் ஒரு எரிவாயுச் சேமிப்புக் கிடங்கு. பெயர் வேண்டாம். கப்பலிலிருந்து மைனஸ் நாற்பத்திரண்டு டிகிரியில் திரவம் வரும் குழாய்க்குக் கணக்குப் போட்டவள் நான். முதல் முறை குளிரவிட்டபோது, ஓரிடத்தில் பீமின் மேல் ஒட்டியிருந்த தடுப்புத் தகட்டின் வெல்டிங் பிய்ந்துவிட்டது. திரவம் கசியவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் வேலை நின்றது. வெல்டிங் சரியில்லை என்று முடிவாகி, ஒட்டிய வெல்டரை வெளியே நிறுத்திவிட்டார்கள். என் மேனேஜர் போனில் சொன்னது: "ஒரு தடவை போய்ப் பார்த்து நாலு போட்டோ எடுத்திட்டு வந்திடுங்க. வொர்க்மேன்ஷிப் சரியில்லன்னு ஒரு பக்கம் எழுதினா ஃபைல் மூடிடும்."

இனி வழி. காலை 6.40க்கு வீட்டு வாசலில் ஆட்டோ, கிண்டி மெட்ரோ வரை 210 ரூபாய். 7.25க்கு நீல வழித்தட ரயில், விம்கோ நகருக்கு ஐம்பது ரூபாய், ஐம்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. சென்ட்ரலில் பாதி ரயில் காலியானது. அதற்கு வடக்கே நான் போனதே இல்லை. தண்டையார்பேட்டை தாண்டி ரயில் வெளிச்சத்துக்கு ஏறியதும் வலப்பக்கம் ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிகள், மாதா கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் கடல், கடலுக்கு முன்னால் கண்டெய்னர் லாரிகள். அத்தனை லாரிகளும் நின்றுகொண்டேதான் இருந்தன. திருவொற்றியூர் தேரடியில் பூக்கூடையோடு ஏறிய அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இது விம்கோ போதா?" என்றார். போகும் என்றேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தை அது.

விம்கோ நகரில் கீழே இறங்கினால் ஷேர் ஆட்டோ, எண்ணூர் வரை இருபது ரூபாய். ஓட்டுநர் என் தலைக்கவசத்தையும் பாதுகாப்பு ஷூவையும் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"இன்னா யக்கா, இன்ஸ்பெக்‌ஷனா?"

"ஒரு பைப் பாக்கணும். மேடவாக்கத்துலேர்ந்து வர்றேன்."

"பைப்பு பாக்க மேடவாக்கத்துலேர்ந்து வந்துகினு கீறியா? அங்க பைப்பே இல்லியா?"

வண்டியில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நியாயமான கேள்வி.

எண்ணூரிலிருந்து கிடங்கு வாசலுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர், தனி ஆட்டோ அறுபது ரூபாய். 8.50க்குப் போய்ச் சேர்ந்தேன். வெளியாள் அனுமதிச் சீட்டு பத்து மணிக்குத்தான் போடுவார்கள் என்று காவலர் சொன்னார். எதிரே ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய், பொறை பிஸ்கட் ஐந்து. பெஞ்சில் எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். நீல கவரால் உடுப்பு, காலில் வெல்டர் ஷூ, மடியில் மூன்றடுக்கு டிபன் பாக்ஸ். வேலைக்குப் போகிற எல்லாக் கோலமும் இருந்தது. போகிற அவசரம் மட்டும் இல்லை.

"உள்ள போணுமா மேடம்? பத்து மணிக்கு மேலதான் வுடுவான். குந்துங்க."

"நீங்க போகலையா?"

"என் கேட்டு பாஸ புடுங்கிட்டாங்க. பதினேழு நாளாச்சு."

இப்படித்தான் சேவியரைச் சந்தித்தேன். நான் எந்த வெல்டிங்கைப் பார்க்க வந்தேனோ அதை ஒட்டியவர் இவர். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. ஏதோ ஆபீஸ் மேடம் என்று நினைத்தார். நானும் சொல்லவில்லை. அப்போது என் மனதில் அவர் வேலை தெரியாதவர், அவ்வளவுதான்.

ராயபுரத்துக்காரர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலை போனது மனைவிக்குத் தெரியாதாம். தினமும் அந்தம்மா சோறு கட்டிக் கொடுக்க, இவர் கவராலை மாட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்து, ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, வேலை முடிகிற நேரத்து ரயிலில் திரும்பிப் போகிறார். வேறு இடத்தில் வேலை தேடவில்லையா என்று கேட்டேன்.

"எங்க மேடம் தேடறது? வெல்டு புட்டுகிச்சின்னு ரிப்போர்ட்டுல ஏறிச்சின்னா, மீஞ்சூர் வரிக்கும் ஒருத்தன் கேட்டுக்குள்ள வுட மாட்டான். அந்த ரிப்போர்ட்டு எய்த ஆபீஸ்லேர்ந்து யாரோ வராங்களாம். இன்னிக்கோ நாளைக்கோ. அதான் பேஜாரா கீது."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன், அந்த வேலை செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று.

"மறக்குமா? கத்திரி வெயிலு, மத்தியானம் ரெண்டு மணி. பைப்புல கடைசி ஜாயிண்ட ஒட்டிட்டு, கையோட அந்தத் தகட்டயும் வெச்சேன். பைப்ப கையால தொட முடில, கிளவுசு போட்டும் சுட்டுச்சி. நாஷ்டா கூட துன்னாம முட்சேன். வெல்டு ஒயுங்காதான் மேடம் வெச்சேன். சத்தியமா."

எல்லா வெல்டரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் 'கையால தொட முடில' என்பது மட்டும் மண்டைக்குள் எங்கோ உறுத்தியது. ஏன் என்று பிடிபடவில்லை.

10.20க்கு உள்ளே போனேன். அழைத்துப்போனவர் சைட் எஞ்சினியர் முரளி, அதிகம் பேசாதவர். வாசலிலிருந்து அந்த இடத்துக்கு எண்ணூறு மீட்டர் நடை, நிழல் கிடையாது. தொப்பிக்கு அடியில் ஒரு ஈரக் கைக்குட்டை வையுங்கள். நடக்க நடக்க வலது கையோரம் குழாய் கூடவே வந்தது. திரையில் அது ஒரு பச்சைக் கோடு, சுண்டு விரலால் உருட்டிவிடலாம். இங்கே குளிர் காக்கும் உறையோடு சேர்த்து என் இடுப்புயரத்துக்கு இருந்தது. பதினோரு வருடத்தில் நான் கணக்குப் போட்ட குழாய் ஒன்றை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முரளி திரும்பாத நேரமாகப் பார்த்து உறையின் மேல் கையை வைத்தேன். அழுகை வரும்போல இருந்தது, எதற்கென்று தெரியவில்லை.

ஏணியில் நான்கு மீட்டர் ஏறினால் அந்தத் தடுப்பு. குழாய்க்கு அடியில் ஓர் இரும்புக் கால் இருக்கும், ஷூ என்போம். அது பீமின் மேல் சறுக்கும். சறுக்கி வரும் வழியில் ஒரு கனத்த தகட்டை நிறுத்தி, நடுவே இடைவெளி விடுவோம். குளிரில் சுருங்கும்போது இடைவெளிக்குள் தாராளமாக நகரலாம். கப்பல் பக்கம் வால்வு திடீரென்று மூடி, குழாய் எகிறினால், தகடு பிடித்துக்கொள்ளும். இந்தத் தகடு பின்னால் சாய்ந்து, அடி வெல்டிங் கிழிந்து, சிவப்பு நாடாவைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

போட்டோ எடுத்தேன். அப்புறம்தான் பெயிண்டைப் பார்த்தேன். ஷூ சறுக்கிய தடம் பீமின் மேல் பளபளவென்று தேய்ந்து, தகடு நின்ற இடம்வரை போயிருந்தது. டேப் வைத்து அளந்தேன். நாற்பது மில்லிமீட்டர். என் வரைபடத்தில் நான் எழுதிய இடைவெளி நாற்பது. ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. கிழிந்த வெல்டிங்கையும் பார்த்தேன். ஓட்டை இல்லை, ஒட்டாத இடம் இல்லை, நல்ல உலோகம் இழுபட்டுக் கிழிந்திருந்தது. அதைவிடச் சுத்தமாக யாராலும் ஒட்ட முடியாது.

அப்படியென்றால் குழாய் ஏன் அங்கே வந்து இடித்தது? முப்பத்துமூன்றுதான் சுருங்கும் என்பது என் கணக்கு. பெருந்தன்மையாக ஏழு சேர்த்து நாற்பது கொடுத்திருந்தேன். அப்போதுதான் காலையில் உறுத்திய அந்தக் 'கையால தொட முடில' திரும்ப வந்தது.

"இந்தக் குழாயோட கடைசி ஜாயிண்டுக்கு வெல்டிங் ரெஜிஸ்டர் இருக்கா?" என்று முரளியிடம் கேட்டேன்.

"ரிப்போர்ட்டுக்கு அது வேணுமா மேடம்? ஒரு பக்கம்தான்னு சொன்னாங்க."

"வேணும்."

சைட் அலுவலகக் கண்டெய்னருக்குள் 12.10க்கு அந்தப் பதிவேடு கைக்கு வந்தது. தேதி, ஜாயிண்ட் எண், வெல்டர் எண், ஒட்டும் முன் உலோகத்தின் வெப்பம். அந்தக் கட்டத்தில் கோணல் எழுத்தில் 52 என்று இருந்தது.

நின்றபடியே மடிக்கணினியைத் திறந்தேன். எங்கள் மென்பொருளில் முதல் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு: குழாயைப் பொருத்தும்போது வெப்பம் எவ்வளவு? யாரும் எதுவும் எழுதாவிட்டால் அதுவாகவே 21 டிகிரி போட்டுக்கொள்ளும். அதைச் செய்தவர்கள் ஊரில் அப்படி இருக்கலாம். எண்ணூரில் மார்கழி விடியற்காலையைத் தவிர வேறு எப்போது இருபத்தொன்று? பதினோரு வருடத்தில் அந்தப் பெட்டியை நான் மாற்றியதே இல்லை. இதில் ஒரு நயவஞ்சகமும் உண்டு. கொதிக்கும் குழாய்களுக்கு அந்த 21 நல்ல பிள்ளை. நீட்சியைக் கூட்டியே காட்டும், நாமும் கூடுதலாகவே இடம் விடுவோம். என் குழாய்கள் எல்லாம் இதுவரை கொதிக்கும் குழாய்கள். குளிர்ந்த குழாயில்தான் அது காலை வாரும். இந்தக் கிடங்கின் குழாய்கள்தான் எனக்கு முதல் குளிர்ந்த குழாய்கள்.

கணக்கு சின்னதுதான், நீங்களும் போட்டுப் பாருங்கள். நாற்பத்தெட்டு மீட்டர் நீளம். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.011 மில்லிமீட்டர். 21இலிருந்து மைனஸ் 42 வரை அறுபத்துமூன்று டிகிரி, சுருக்கம் 33. 52இலிருந்து என்றால் தொண்ணூற்று நான்கு டிகிரி, சுருக்கம் 50. நான் விட்டது 40. பாக்கிப் பத்து மில்லிமீட்டரை அந்தக் குழாய் சேவியரின் வெல்டிங்கிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டது.

வெளியே ஒரு பெயர் தெரியாத மரத்தடியில் போய் உட்கார்ந்து மேனேஜரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்போ உங்களுக்கு."

"அப்போ அவசரப்படாதீங்க. அடுத்த ரிவிஷன்ல இடைவெளிய மாத்திடலாம், காரணம் எழுத வேணாம். இது நம்ம தப்புனு போனா கிளையண்ட் எல்லா லைனையும் திரும்பப் போடச் சொல்லுவான். உங்க பேரும் போகும், யோசிச்சுக்கோங்க. ஒரு வெல்டர்தானே, அவனுக்கு வேற இடம் கிடைக்கும்."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நான் இதற்கு உடனே பொங்கி எழுந்தேன் என்று எழுத ஆசைதான். எழவில்லை. பிற்பகல் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த வேலை போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். 'ஸ்ட்ரெஸ் டீம்' என்று கூப்பிடக்கூட ஆள் இருக்காது. அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது, சம்பளம்கூட இல்லை.

4.15க்கு வெளியே வந்தேன். மத்தியானம் சாப்பிட மறந்திருந்தேன். சேவியர் அதே பெஞ்சில், காலி டிபன் பாக்ஸோடு.

"முட்ச்சா மேடம்? ஸ்டேஷனுக்குத்தான? ஷேர் ஆட்டோ புட்சித் தரேன், நானும் அந்த ரயிலுதான்."

ஸ்டேஷனுக்குப் பத்து ரூபாய், பத்து நிமிடம். நடைமேடையின் கோடியில் ஒரு பெஞ்ச். ரயிலுக்கு இன்னும் முப்பது நிமிடம் இருந்தது. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், யோசித்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். ரிப்போர்ட் எழுத வந்த ஆள் நான்தான். அந்த நாற்பது மில்லிமீட்டரை எழுதியவளும் நான்தான். வெல்டிங்கில் குறை இல்லை, கணக்கில்தான் தப்பு.

சேவியர் என்னைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலீல டீ குடிக்கசொல்லவே தெரியுமா?"

"அப்போ தெரியாது. நீங்க தொட முடியலைன்னு சொன்னீங்களே, அதுலதான் தெரிஞ்சது."

"பதினேழு நாளு மேடம். பொண்டாட்டி மூஞ்சிய பாத்து சோறு எத்துகினு வந்தேன். நானே தப்பா வெச்சிட்டனோன்னு தூக்கமில்ல. கைய பாத்துகினே பட்துகினு இருப்பேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

"எய்தித் தருவியா?" என்றார். அதுவரை வந்த 'ங்க' விழுந்துவிட்டது.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து எழுதினேன். கிளையண்டுக்கும், ஒப்பந்தக்காரருக்கும், மேனேஜருக்கும். பதிவேட்டின் படம், டேப்பின் படம், இரண்டு கணக்கு, காரணம், என் பெயர். சேவியர் தலையை நீட்டிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு ஓடாது.

"என்னியப் பத்தி எங்க கீது?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"தமிய்ல சொல்லு."

"வெல்டிங்கில் எந்தக் குறையும் இல்லை. வெல்டர் தரத்தோடு வேலை செய்திருக்கிறார். அவரைத் திரும்ப உள்ளே அனுமதிக்க வேண்டும்."

"இன்னொரு தபா."

மறுபடி சொன்னேன். அனுப்பு பொத்தானை அழுத்தினேன். மணி 5.02. ரயில் 5.10க்கு வந்தது. சென்ட்ரல் வரை ஐந்து ரூபாய். ஒரே பெட்டியில், வாசலோரம் எதிரெதிராக நின்று வந்தோம். கொருக்குப்பேட்டையில் இறங்குமுன் என் போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தில் போய்விட்டார். பேசின் பிரிட்ஜில் ரயில் பன்னிரண்டு நிமிடம் நின்றது, வழக்கமாம். கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது, எல்லாம் மேனேஜர். எடுக்கவில்லை. 7.50க்கு வீடு. மூன்றாவது மாடி வந்துவிட்டது என்று லிஃப்ட் சொன்னது.

இனி, இதே பயணம் போக நினைக்கும் சக எஞ்சினியர்களுக்கு. நிறையப் பேர் பின்னூட்டத்தில் "சைட்டுக்கெல்லாம் போகணுமா?" என்று கேட்கிறீர்கள். போங்கள். போக வர மொத்தச் செலவு என் பகுதியிலிருந்து அறுநூறு ரூபாய்க்குள். செவ்வாய், புதன் நல்லது. திங்கட்கிழமை அனுமதிச் சீட்டுக்கு நீண்ட வரிசை. கத்திரியில் போவது கஷ்டம், ஆனால் நம் வேலைக்கு அப்போதுதான் போக வேண்டும், பிற்பகல் இரண்டு மணிக்கு, குழாயில் கை வைத்துப் பார்க்க. ஸ்டேஷன் அருகே மீன் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றார்கள், நான் சாப்பிடவில்லை. ஆறு மீட்டர் டேப் ஒன்று கட்டாயம். போவதற்கு முன் உங்கள் மாடலின் முதல் பக்கத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே 21 இருந்தால், அதை நீங்கள் எழுதினீர்களா, அதுவாக எழுதிக்கொண்டதா என்று உங்களையே கேளுங்கள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிளையண்ட் எல்லாக் குளிர்ந்த குழாய்களையும் திரும்பக் கணக்கிடச் சொன்னான், மேனேஜர் சொன்னபடியே. வேலை போகவில்லை. என் கணக்குகளை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் வெளியே போகும் என்று வைத்திருக்கிறார்கள். மீட்டிங்கில் இப்போது ஸ்ட்ரெஸ் டீமை யாரும் கேட்பதில்லை. முன்னைவிட அமைதியாகத்தான் இருக்கிறது வீடு.

சேவியருக்குப் பாஸ் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. முரளிதான் சொன்னார், சேவியர் சொல்லவில்லை. ஷூ முதலில் நின்ற இடத்திலிருந்து அறுபத்தைந்து மில்லிமீட்டர் தள்ளிப் புதிய தடுப்பை வைத்து ஒட்டியதும் அவரேதானாம். அதற்கப்புறம் ஒரு மாதம் எந்தச் செய்தியும் இல்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் ஒரே காற்றுச் சத்தம், இரும்புச் சத்தம்.

"மேடம், சேவியரு. ஏணி மேல கீறேன். லைன குளுர வுட்டானுங்க, மைனஸ் நாப்பத்திரண்டு வந்துடுச்சி. டேப்பு வெச்சிகினு கீறேன்."

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன்.

"அம்பது வந்துச்சி மேடம். பதினஞ்சு பாக்கி கீது. இடிக்கல."

பிறகு, சாப்பிட்டாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.